தறி நின்ற ஊரில் செல்வம்: ‘பஞ்சும் பசியும்’ நாவல் எழுப்பும் கேள்வி

செல்வம் மனிதனுக்கு மகிழ்ச்சி தருமா என்ற கேள்வியைத் தாமிரபரணிக் கரையில் நிறுத்திப் பார்த்த நாவல்களுள் தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ முதன்மையானது. 1953இல் வெளிவந்த இந்நாவலின் களம் அம்பாசமுத்திரம். மணிமுத்தாறு அணைக்கட்டிலிருந்து கல்லிடைக்குறிச்சி வழியாக வந்து தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டினால் வரும் ஊர் அது. கைத்தறி நெசவாளர்களின் பட்டினியைச் சொல்லும் நாவல் என்றே இலக்கிய வரலாறுகள் இதைக் குறிப்பிடுகின்றன. அது சரிதான். ஆனால் கதையைத் தாங்கி நிற்பவர்கள் கையில் காசுள்ள இரண்டு பேர்: கைலாச முதலியாரும் தாதுலிங்க முதலியாரும். ஒருவர் செல்வத்தை இழந்து உயிரையும் விடுகிறார். மற்றவர் செல்வத்தைப் பெருக்கிக்கொண்டே போய்ப் பெற்ற பிள்ளைகளுக்கு அந்நியராகிறார். இல்லாதவன் படும் பாட்டை எழுதப் புகுந்தவர் இருப்பவனின் நிம்மதியின்மையை ஏன் இவ்வளவு விரிவாக எழுதினார் என்பது ஆராயத்தக்கது.

ரகுநாதன் 1923இல் திருநெல்வேலியில் பிறந்தவர். புதுமைப்பித்தனின் நெருங்கிய நண்பர். 1951இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். மாக்சிம் கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். 1954 முதல் ‘சாந்தி’ என்ற இதழை நடத்தினார். பாரதி பற்றிய ஆய்வு நூலுக்காக 1983இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். 2001 டிசம்பர் 31இல் மறைந்தார். ‘பஞ்சும் பசியும்’ எழுதியபோது அவருக்கு முப்பது வயது. சோவியத் எழுத்துகளில் தோய்ந்திருந்த இளம் இடதுசாரியின் கை நாவல் முழுக்கத் தெரிகிறது. செக் மொழியில் இதைப் பெயர்த்தவர் தமிழறிஞர் கமில் சுவலபில். தமிழில் சோஷலிச யதார்த்தவாதம் என்ற முத்திரை முதன்முதலாக விழுந்த நாவலும் இதுவே. அந்த முத்திரையால் இதற்குக் கிடைத்த நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. கொள்கைக்காகப் படித்தவர்கள் கைலாச முதலியாரைச் சரியாகக் கவனிக்கவில்லை. கலைக்காகப் படிப்பவர்கள் கொள்கை நாவல் என்று கையிலேயே எடுக்கவில்லை.

நூல் விலையும் ஒரு குடும்பமும்

கைலாச முதலியாரின் செல்வம் எப்படிப்பட்டது என்று விளங்க, அன்றைய கைத்தறித் தொழில் எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். குழித்தறியில் கால்களைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து நெய்பவர் ஒருவர். அவர் ஒரு வேட்டி நெய்து முடிக்க வீடு முழுதும் உழைக்க வேண்டும். பெண்களும் சிறுவர்களும் ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றுவார்கள். பொழுது விடியும் முன்னே தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, தூரிகை போட்டு இழை இழையாக நீவி விடுவார்கள். வெயில் ஏறுமுன் அந்த வேலை முடிந்தாக வேண்டும். மலையடிவாரமாகிய அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. மழை பெய்தால் தெருவில் பாவு விரிக்க முடியாது. பாவு இல்லாவிட்டால் தறி ஓடாது. தறி ஓடாத நாளில் கூலி கிடையாது. அப்போது நெசவாளர் கை நீட்டுவது தமக்கு நூல் கொடுக்கும் முதலாளியிடம்தான்.

அந்த முதலாளி பெரும் பணக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. நூல் வியாபாரியிடம் கடனுக்கு நூல் எடுத்து, தறிக்காரர்களுக்குக் கொடுத்து, நெய்து வந்த துணியை மொத்த வியாபாரிக்கு விற்று, வந்த பணத்தில் நூல் கடனை அடைத்து, கூலியும் கொடுத்து, மிஞ்சுவதில் குடும்பம் நடத்துபவர். அவருடைய சொத்து பெட்டியில் இல்லை. பாதி தறிகளில் பாவாக ஓடிக்கொண்டிருக்கும். பாதி கடைகளில் வராத பாக்கியாகக் கிடக்கும். மேலே இருப்பவர் கடன் கொடுப்பதும் கீழே இருப்பவர் நெய்து கொடுப்பதும் அவர் பேச்சை நம்பித்தான். கைலாச முதலியார் இந்த வகைக்காரர். முருக பக்தர், வாக்குத் தவறாதவர், ஊரில் நாலு பேர் மதிக்க வாழ்ந்தவர். அவருடைய மகிழ்ச்சி எது என்று கேட்டால் இந்த மதிப்புத்தான் என்று சொல்லிவிடலாம். பணம் அந்த மதிப்பைத் தாங்கிய கால்.

1940களும் 1950களின் தொடக்கமும் இத்தகையவர்களைப் புரட்டிப்போட்ட காலம். போர்க்காலத்தில், 1943இல், துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு வந்தது. 1948 தொடக்கத்தில் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். விலை ஏறியதும் அதே ஆண்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிரிவினையால் சிந்துவிலும் மேற்குப் பஞ்சாபிலும் விளைந்த நல்ல பஞ்சு பாகிஸ்தானோடு போயிற்று. 1949 செப்டம்பரில் இந்திய ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது பாகிஸ்தான் தன் நாணய மதிப்பைக் குறைக்கவில்லை. இரு நாட்டு வாணிபமே நின்று, பஞ்சுத் தட்டுப்பாடு முற்றியது. 1950இல் கொரியப் போர் மூண்டதும் உலகெங்கும் பஞ்சு விலை விண்ணைத் தொட்டது. அரசு பங்கீட்டில் கொடுத்த நூல் போதாமல், கள்ளச் சந்தையில் கேட்ட விலைக்கு நூல் வாங்கியவர்கள் ஏராளம். 1952 தொடக்கத்தில் சந்தை தலைகீழாகக் கவிழ்ந்தது. அதிக விலை கொடுத்து வாங்கிய நூலில் நெய்த துணியை வாங்குவதற்கு ஆளில்லை. இலங்கை, பர்மா, மலேயா ஏற்றுமதியும் சுருங்கியது. ஏறும்போது ஒரு அடி, இறங்கும்போது ஒரு அடி என்று கைத்தறிக்கு இரண்டு பக்கமும் விழுந்தது.

சென்னை மாகாணம் முழுக்க நெசவாளர் குடும்பங்கள் பிச்சைக்கு வந்த காலம் அது. 1952 ஏப்ரலில் முதல்வரான ராஜாஜி, வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசிடம் வாதாடினார். அது முழுதாகக் கிடைக்கவில்லை. மில்கள் நெய்யும் வேட்டியின் அளவை முந்தைய அளவில் 60 சதவீதமாகக் குறைத்ததோடு நின்றது. அதே ஆண்டில் அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைந்தது. 1953இல் மில் துணி மீது கெஜத்துக்கு மூன்று பைசா மேல்வரி விதித்து அதைக் கைத்தறி வளர்ச்சிக்குச் செலவிட்டார்கள். (அந்தப் பைசா பழைய கணக்கு, ரூபாய்க்கு 192.) அந்த ஆண்டுத் தொடக்கத்தில் திராவிட முன்னேற்றக் கழகத் தலைவர்கள் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள், அண்ணா திருச்சியில் விற்றார். எதிரும் புதிருமான அரசியல்வாதிகள் ஒரே வேட்டிக்காகப் பேசிய அபூர்வமான ஆண்டு அது. நாவல் வெளிவந்தது அப்போதுதான்.

இதில் அம்பாசமுத்திரத்துக்கே உரிய ஒரு முரண் உண்டு. ஊரிலிருந்து சில மைல் மேற்கே, பாபநாசம் மலையடியில், விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் 1880களில் நூற்பாலை தொடங்கினார்கள். தாமிரபரணி மலையிலிருந்து விழும் வேகத்தைக் கொண்டே ஆலையை ஓட்டினார்கள். அதே நிறுவனம் பிறகு தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஆலை வைத்தது. ஒரே ஆறு மேலே நூலை நூற்றுத் தந்தது. கீழே அந்த ஆற்றில் குளித்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தவருக்கு நூல் கிடைக்கவில்லை. பக்கத்தில் நூற்ற நூல்தான், ஆனால் அதன் விலை பம்பாயிலும் கராச்சியிலும் கொரியாவிலும் முடிவாயிற்று. கைலாச முதலியாருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. தன் குற்றமா, தெய்வக் குற்றமா என்ற இரண்டு விடைகளுக்குள்தான் அவர் தேடுகிறார்.

நாவல் அவரிடம் மிக நிதானமாக நிற்கும் இடம் இதுதான். துணி தேங்குகிறது, பாக்கி வரவில்லை, கடன்காரர் நெருக்குகிறார், வீட்டில் மனைவி தங்கம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சட்டப்படி அவருக்கு வழி இல்லாமல் இல்லை. 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம் கடனாளிக்குக் கதவு ஒன்றைத் திறந்தே வைத்திருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சில் அது மஞ்சள் கடுதாசி. மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு அடுத்த மாதமே மனைவி பெயரில் கடை திறந்தவர்களை எந்த வியாபார ஊரும் அறியும். அவர்களால் முடிந்தது கைலாச முதலியாரால் முடியாது. கடனை அடைக்க முடியாமற் போனதைவிட, அடைக்க மாட்டார் என்று நாலு பேர் நினைத்துவிட்டார்களே என்பதுதான் அவரைக் கொல்கிறது. வாழ்நாளெல்லாம் வணங்கிய முருகனும் கைவிட்டுவிட்டதாகத் தோன்றும்போது அவர் உயிரை மாய்த்துக்கொள்கிறார். திருக்குறளில் மானத்துக்கு ஓர் அதிகாரம், நல்குரவுக்கு ஓர் அதிகாரம், இரந்து நிற்க அஞ்சுவதற்கு ஓர் அதிகாரம் என்று வள்ளுவர் வேறு வேறாக வைத்திருப்பவை இந்த ஒரு மனிதரிடம் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

வறுமை அறிவை என்ன செய்கிறது

முதலியார் ஏன் நிதானமாக யோசித்து வேறு வழி தேடவில்லை என்று வாசகருக்குத் தோன்றலாம். இதற்கு விடை தரக்கூடிய ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன் ஒரு முறையும் அறுவடைப் பணம் வந்த பிறகு ஒரு முறையும் சோதித்தார்கள். அதே மனிதர், அதே கல்வி, அதே நிலம். கையில் காசில்லாமல் நகை அடகில் இருந்த மாதங்களில் அவர்கள் புதிர்களைத் தீர்க்கும் திறன் குறைந்திருந்தது. பணம் வந்ததும் கூடியது. செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர் உள்ளிட்டோர் செய்த இவ்வாய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயிற்று. பணமுடை மனத்தின் பெரும்பகுதியைத் தானே எடுத்துக்கொள்கிறது, மற்றதை யோசிக்க இடம் இல்லாமற் போகிறது என்பது அவர்கள் கண்டது. அறுபதாண்டுகளுக்கு முன்பே ரகுநாதன் கைலாச முதலியாரின் கடைசி நாட்களை எழுதிய விதம் இதற்கு வெகு அருகில் வருகிறது. அவர் முட்டாள் ஆகவில்லை. கடன் அவருக்குள் வேறு எதையும் நினைக்க விடவில்லை.

செல்வமும் மகிழ்ச்சியும் பற்றிய நவீனப் பொருளியல் பெரும்பாலும் மறுமுனையைப் பற்றியே கவலைப்படுகிறது. 1974இல் ரிச்சர்டு ஈஸ்டர்லின், ஒரு நாடு பணக்கார நாடாக வளர்ந்தாலும் அதன் மக்கள் அதே அளவுக்கு மகிழ்ச்சியில் வளர்வதில்லை என்றார். டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010இல், அமெரிக்காவில் ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டிய பிறகு அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்றார்கள். மாத்யூ கில்லிங்ஸ்வொர்த் 2021இல் அதை மறுத்தார். பிறகு கானமனும் அவரும் சேர்ந்தே 2023இல் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள்: பெரும்பாலோருக்கு வருமானம் ஏற ஏற மகிழ்ச்சியும் ஏறுகிறது, மிகவும் துன்பத்தில் இருக்கும் ஒரு பகுதியினருக்கு மட்டும் அது ஓர் அளவோடு நின்றுவிடுகிறது. இந்த விவாதங்கள் எல்லாம் அடுத்த வேளைச் சோறு உறுதியான இடத்தில் நடப்பவை. ‘பஞ்சும் பசியும்’ நிற்பது அதற்கும் கீழே.

ரேவலோவின் நெசவாளர்

உலக இலக்கியத்தில் இந்நாவலோடு வைத்துப் பார்க்க மிகப் பொருத்தமானது, ஆங்கில நாவலாசிரியை ஜார்ஜ் எலியட் 1861இல் எழுதிய ‘சைலஸ் மார்னர்’. செல்வம் மகிழ்ச்சி தருமா என்ற கேள்விக்குப் பள்ளிப் பாடங்கள்வரை மேற்கோள் காட்டப்படும் நாவல் அது. அதன் நாயகரும் ஒரு கைத்தறி நெசவாளர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. சைலஸ் சேர்ந்திருந்த சபையில், நண்பனாக இருந்தவனே அவர் மீது திருட்டுப் பழி சுமத்துகிறான். சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கடவுளின் தீர்ப்புக் கேட்கிறார்கள். சீட்டு அவருக்கு எதிராக விழுகிறது. கடவுள் மீதும் மனிதர் மீதும் நம்பிக்கை போய், ரேவலோ என்ற கிராமத்துக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் தனியே நெய்கிறார். கூலியாக வந்த பொற்காசுகளைத் தறிக்கு அடியில் ஒளித்து வைத்து, இரவில் எடுத்துக் குவித்துத் தடவிப் பார்ப்பதே அவருக்கு வாழ்க்கை. ஊர்ப் பெரியவர் வீட்டு ஊதாரிப் பிள்ளை டன்ஸ்டன் அந்தப் பொன்னைத் திருடிக்கொண்டு போகிறான். சில வாரங்களில், பனியில் இறந்து கிடந்த தாயை விட்டுத் தத்தித் தத்தி நடந்து வந்த ஒரு குழந்தை, பொன் போன இடத்தில் வந்து சேர்கிறது. அந்தக் குழந்தையை வளர்ப்பதில் சைலஸ் மறுபடி மனிதராகிறார். குழந்தையின் உண்மைத் தந்தை, டன்ஸ்டனின் அண்ணன் காட்ஃப்ரே, பதினாறு ஆண்டுக்குப் பிறகு வந்து சொத்தும் அந்தஸ்தும் தருவதாக அழைக்கும்போது எப்பி என்ற அந்தப் பெண் மறுத்துவிடுகிறாள்.

அழகான கதை. எலியட் சொல்வதில் பொய்யும் இல்லை. ஆனால் அம்பாசமுத்திரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்று கண்ணில் படும். சைலஸின் பொன் போயிற்றே தவிர, தறி போகவில்லை. பொன்னை இழந்த மறுநாளும் ரேவலோக்காரர்களுக்குத் துணி வேண்டியிருந்தது, அவர் நெய்தார், அந்தக் கூலியில் குழந்தைக்குப் பால் வாங்கினார். சேமிப்பை இழந்தவனுக்குச் செல்வத்தைவிட மேலான ஒன்று கிடைக்க இடமுண்டு. தொழிலை இழந்தவனுக்கு அந்த இடம் இல்லை. கைலாச முதலியாரின் வாசலில் அப்படி ஒரு குழந்தை வந்திருந்தால், ஊட்டுவதற்கு அவர் வீட்டில் பால் இருந்திருக்காது. எலியட்டும் இதை உணராதவர் இல்லை. நாவலின் இறுதியில் சைலஸ் தன் பழைய ஊருக்குப் போகிறார். அவர் தொழுத சபை இருந்த சந்தே இல்லை, அங்கே ஓர் ஆலை எழும்பி நிற்கிறது. அந்த ஆலையைக் காட்டிவிட்டு எலியட் கதையை ரேவலோவுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறார். ரகுநாதன் ஆலையிலிருந்துதான் தொடங்குகிறார்.

பெருக்கியவரின் வீடு

தாதுலிங்க முதலியார் ஊரில் பெரும் புள்ளி. மற்றவர் இழப்பில் இவர் கை ஓங்குகிறது. கைலாச முதலியாரின் வீழ்ச்சி இவருக்கு ஒரு வாய்ப்பு. பணத்தால் அவருக்கு என்ன இன்பம் கிடைத்தது என்று நாவல் நேரடியாகக் கேட்பதில்லை. அவர் வீட்டுக்குள் நடப்பதைக் காட்டிவிட்டு விட்டுவிடுகிறது. மகள் கமலா, கைலாச முதலியாரின் மகன் மணியை விரும்புகிறாள். மகன் சங்கர் நெசவாளர் பக்கம் போய்விடுகிறான். நிலத்தை இழந்து நிற்கும் இருளப்பக் கோனார் போன்றவர்களின் கண்ணில் அவர் ஊர்ப் பெரியவர் இல்லை, பயப்பட வேண்டிய ஆள். தன் பிள்ளைகளுக்காகத்தான் சேர்த்தேன் என்று சொல்ல நினைத்தால், அந்தப் பிள்ளைகளே வேண்டாம் என்கிறார்கள்.

ஈயாத செல்வத்தைப் பழித்து வள்ளுவர் பாடிய நன்றியில் செல்வம் என்ற அதிகாரத்தோடு தாதுலிங்க முதலியாரை ஒப்பிடத் தோன்றும். ஆனால் பழைய அறநூல் கருமியிடம் கண்ட குற்றம் வேறு, ரகுநாதன் இவரிடம் காணும் குற்றம் வேறு. அறநூலின் கருமி தானும் உண்ணாமல் பிறர்க்கும் கொடாமல் பூட்டி வைப்பவன். அவன் கொஞ்சம் கொடுத்தால் தீர்ந்தது. தாதுலிங்க முதலியார் பூட்டி வைக்கவில்லை. அவர் பணம் ஓயாமல் வேலை செய்கிறது. நாளைக்கே மனம் மாறிக் கோயிலுக்கும் அன்னதானத்துக்கும் அள்ளிக் கொடுத்தாலும் நூல் விலை இறங்காது. செல்வரின் மனத்தைத் திருத்தி ஊரின் துன்பத்தைத் தீர்க்கலாம் என்று நம்பிய நெடிய தமிழ் மரபிலிருந்து இந்நாவல் விலகும் இடம் இதுவே. அதே சமயம், கலை என்ற அளவில் இங்கேதான் அது தடுமாறுகிறது. கைலாச முதலியாருக்கு ஆசிரியர் காட்டிய பரிவில் கால்பங்கு தாதுலிங்க முதலியாருக்குக் கிடைக்கவில்லை. இரவில் தூங்காமல் கிடக்கும் ஒரு பணக்காரரின் மனத்துக்குள் ரகுநாதன் போயிருந்தால் நாவல் இன்னும் பெரிதாகியிருக்கும். காட்ஃப்ரேயின் மனத்துக்குள் எலியட் போனார். பிள்ளையில்லாத வீட்டின் வெறுமை நமக்குத் தைக்கிறது. தாதுலிங்க முதலியார் வெளியிலிருந்தே பார்க்கப்படுகிறார்.

சிங்கம்பட்டி: கதையில் இல்லாத சான்று

நாவல் தொடாத இன்னொரு வகைச் செல்வம் மணிமுத்தாற்றங்கரையிலேயே இருந்தது. அணைக்குப் பக்கத்தில் உள்ள சிங்கம்பட்டி, மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளை ஆண்ட ஒரு ஜமீனின் தலைநகர். சென்னையில் ஜமீன் வாரிசுகள் தங்கிப் படித்த நியூயிங்டன் விடுதியின் முதல்வர் கிளெமென்ட் டி லா ஹே 1919 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன்களின் இளம் வாரிசுகள் மீது வழக்கு வந்து, விசாரணை பம்பாய்க்கு மாற்றப்பட்டது. சிங்கம்பட்டி வாரிசு அப்ரூவர் ஆனார். கடம்பூர் வாரிசு விடுதலையானார். இந்த வழக்குச் செலவு இழுத்துவிட்ட கடனால்தான் காடு கைமாறியது என்று வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். 1929இல் 8,373 ஏக்கர் மலைக்காட்டைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு ஜமீன் விட்டது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் அப்படி உருவானவை. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி சில ஆண்டுகளில் ஜமீனே அரசிடம் போயிற்று. ‘பஞ்சும் பசியும்’ அச்சேறிய அதே காலம். அடுத்த சில ஆண்டுகளில், 1958 வாக்கில், 118 அடி உயர மணிமுத்தாறு அணையும் கட்டி முடிக்கப்பட்டது.

கைலாச முதலியாரோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவர் சிங்கம்பட்டியின் கடைசி ஜமீன்தார் டி.என்.எஸ். முருகதாஸ் தீர்த்தபதி. சிறு பிள்ளையாக இருக்கும்போதே பட்டத்துக்கு வந்தவர். இளமையிலேயே ஆட்சியையும் காட்டையும் இழந்தவர். ஆனாலும் 2020இல் மறையும் வரை, ஆண்டுதோறும் ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடை அணிந்து தர்பாரில் அமர்ந்தார். மாவட்டமெங்கும் இருந்து வண்டி கட்டி வந்த மக்கள் அவரை வணங்கினார்கள். சொத்து பெரும்பாலும் போன பிறகும் மதிப்பு நின்றது. கைலாச முதலியாருக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. ஜமீன்தாரின் மதிப்பு பிறப்பிலும் கோயிலிலும் வேரூன்றியது. காடு போனாலும் அய்யனார் போகவில்லை. சிறு வியாபாரியின் மதிப்பு கொடுக்கல் வாங்கலில் வேரூன்றியது. அது அறுந்தால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. செல்வம் போனால் மகிழ்ச்சி போகுமா என்ற கேள்விக்கு, யாருடைய செல்வம் என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல முடியாது. மலைமேல் தேயிலை பறித்தவர்களின் கதை தனி. கூலி உயர்வு கேட்டு அவர்களுக்காக நெல்லையில் 1999 ஜூலை 23 அன்று சென்ற ஊர்வலம் தாமிரபரணிக் கரையில் தடியடியில் முடிந்து, 17 பேர் இறந்தார்கள்.

மதுரைக்குப் போன மகன்

தந்தை இறந்த பிறகு மணி ஊரை விட்டுப் போகிறான். மதுரையில் ஆலைத் தொழிலாளரிடையே வந்து சேர்கிறான். தந்தை தேடிய இரண்டு விடைகளுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்று இருப்பதை அங்கே கற்கிறான்: நெருக்கடி தன் வீட்டில் மட்டும் நேர்ந்ததில்லை, எல்லார் வீட்டிலும் நேர்ந்திருக்கிறது, காரணமும் ஒன்றுதான். ஊரிலும் நெசவாளர்கள் கூடித் திரள்கிறார்கள். தனிமனிதன் தேடும் இன்பம் என்ற இடத்தில் கூடி நிற்பதன் நம்பிக்கையை நாவல் கொண்டுவந்து வைக்கிறது. நெசவாளர் எழுச்சியைக் கருவாக்கிய முந்தைய படைப்புகளில் புகழ்பெற்றது, சிலேசியாவின் 1844ஆம் ஆண்டுக் கலகத்தை வைத்து கெர்கார்ட் ஹாப்ட்மன் 1892இல் வெளியிட்ட ஜெர்மன் நாடகம். அந்த நாடகத்தின் முடிவில், கலகத்தில் சேராமல் தறியில் உட்கார்ந்திருந்த கிழவர் குண்டு பாய்ந்து சாகிறார். வெற்றியா தோல்வியா என்று சொல்லாமல் திரை விழுகிறது. ரகுநாதன் அவ்வளவு இருண்ட முடிவை விரும்பவில்லை.

இந்த இறுதிப் பகுதியைப் பற்றித்தான் விமரிசகர்கள் அதிகம் வாதிட்டிருக்கிறார்கள். ஊர்வலமும் முழக்கமும் வரும் பக்கங்களில், பாத்திரங்கள் பேசுவதைவிட ஆசிரியர் பேசுவதே காதில் விழுகிறது என்பது நியாயமான குறை. அதைவிடப் பெரிய குறை ஒன்று அதிகம் பேசப்படவில்லை. மணிக்கு மதுரை கிடைத்தது, சங்கருக்கு இயக்கம் கிடைத்தது. தங்கம்மாளுக்கு என்ன கிடைத்தது? கணவர் வைத்துவிட்டுப் போன கடன் அவர் இறந்ததும் இறந்துவிடவில்லை. பாவு விரித்த தெருவில் இனி அவள் எப்படி நடப்பாள், எந்த வீட்டில் போய் அரிசி கேட்பாள் என்ற இடங்களில் நாவல் போதிய அளவு நிற்கவில்லை. தார் சுற்றிய கைகளின் கணக்கு 1953இன் முற்போக்கு எழுத்திலும் துணைக் கணக்காகவே இருந்தது.

கைத்தறியின் பின்கதையும், கூடி நிற்பதில் நாவல் வைத்த நம்பிக்கையை முழுதாக மெய்ப்பிக்கவில்லை, முழுதாகப் பொய்யாக்கவும் இல்லை. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸும் ஊர்தோறும் வளர்ந்த கூட்டுறவுச் சங்கங்களும் நூலையும் கூலியையும் தனி முதலாளி கையிலிருந்து ஓரளவு விடுவித்தன. 1985ஆம் ஆண்டுச் சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. விசைத்தறி அந்த ஒதுக்கீட்டை மீறி வளர்ந்தது. அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே வீரவநல்லூரில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் நெய்யும் செடிபுட்டா சேலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சேலையை நெய்ய இன்று தறியில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் மணி போன திசையிலேயே, அவனைப் போலன்றிக் கையில் பட்டத்தோடு, ஊரை விட்டு வேலைக்குப் போகிறார்கள்.